ஈரமா, உலர்வா?

லண்டன் பிளேஸ்டோவில் இருக்கும் அனோஜினி உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் ஆமைக்குட்டியை வாங்கி வந்தாள். அதை வைக்கும் பெட்டியின் மண்ணைக் காயவிடச் சொல்லியிருந்தார் கடைக்காரர். ஆமை வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் ஈரம் வேணும் என்றார்கள். "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று அக்கா போனில் பயமுறுத்தினாள்.

கணவன் நிஷாந்த் குழுவை நம்பி, காலையில் மண்ணை நனைத்தான். அனோஜினி கடைக்காரரை நம்பி, மாலையில் அதைக் கொட்டிவிட்டுக் காய்ந்த மண் போட்டாள். மூன்றாம் நாள் குட்டி இலையைத் தொடவே இல்லை. இருவரும் பயந்துபோய் மிருக வைத்தியரிடம் ஓடினார்கள்.

அவர் குட்டியை நிறுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"சுகமாய்த்தான் இருக்கு. குட்டிக்குக் கொஞ்சம் ஈரம் வேணும். ஆனால் தினமும் வீட்டை மாற்றினால் யாருக்குத்தான் பசிக்கும்?"

வெளியே வந்ததும் நிஷாந்த், "நான் சொன்னதுதானே சரி" என்றான்.

"ஓம். ஆனா இனித் தண்ணி தெளிக்கிறது நான்தான்."

இரண்டு நாள் பெட்டியை அப்படியே விட்டார்கள். சனிக்கிழமை காலை அனோஜினி தோட்டத்துக் களையான டான்டிலயனின் இலை ஒன்றை நீட்டினாள். குட்டி கழுத்தை நீட்டி, கடித்து இழுத்தது.

"ஓடி வாங்கோப்பா, சாப்பிடுது!"

நிஷாந்த் வந்து எட்டிப் பார்த்தான். பிறகு செருப்புக்கூடப் போடாமல், இன்னும் இலை பிடுங்கத் தோட்டத்துக்கு ஓடினான்.