டக்குன்னு கேக்குற மாத்திரை

ஐஸ் பெட்டியின் காலடியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டோனி அங்கிள் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை உருவி மங்களம் ஆன்ட்டியிடம் நீட்டினார். ஆன்ட்டியும் கைப்பையைத் திறந்து தன்னுடையதை எடுத்தாள். கல்யாண வீட்டில் புடவை விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்தார்கள். உங்களுடையது எத்தனை மில்லிகிராம், எனக்கு வாய் உலர்கிறது, உங்களுக்கு எப்படி? பெட்டிக்குள் ஹெலனின் அப்பா இருதயசாமி கோட்டும் டையுமாகக் கிடந்தார். ஹெலன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சீ, இதுகளெல்லாம் மனுஷ ஜென்மம்தானா?

டெல்லி மயூர் விஹாரின் அந்தத் தமிழ்க் கூட்டத்துக்கு மாத்திரைப் பேச்சு ஒன்றும் புதிதில்லை. ரிட்டயர் ஆனவர்களுக்குப் பதற்றம், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்களுக்குத் தூக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் மாதா கோயில் வாசலில் நின்று அட்டைகளை ஒத்துப் பார்ப்பார்கள். தீர்ப்புச் சொல்ல ஹெலன் இருக்கிறாளே, பதினாறு வருஷ நர்ஸ். அப்புறம் எதற்கு டாக்டர் வாசலில் போய்க் காத்துக் கிடக்க வேண்டும்?

இருதயசாமிக்கும் அதே பதற்றம்தான். ரயில்வேயில் ஸ்டோர்கீப்பராக இருந்த மனுஷர், ரிட்டயர் ஆனபிறகு கேஸ் மூடியிருக்கிறதா என்று ஐந்து தடவை எழுந்து பார்த்தார். மெட்ரோவில் வரும் மகள் பத்து நிமிஷம் தாமதித்தால் குடியிருப்பு வாசல் கேட்டில் போய் நின்றார். டாக்டர் எஸ்சிடலோபிராம் எழுதிக் கொடுத்தார். ஹெலன் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகத்தான் சொன்னாள். இது உடனே கேக்காதுப்பா, முதல்ல வயிற்றைப் புரட்டும், நாலு வாரம் பொறுக்கணும் என்று. தலையாட்டிவிட்டுப் பன்னிரண்டு நாள் ஒழுங்காக விழுங்கினார்.

பதினாறாம் நாளான நேற்று விடிகாலை பாத்ரூமில் கால் தடுமாறி விழுந்தார். குழாயில் பின்மண்டை அடித்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தால், உள்ளே குளோனாசெபாம் அட்டை. நாலு மாத்திரை காலி, நாலு ராத்திரிக்கு. ஆளை உடனே அமுக்கிப் போடுகிற மாத்திரை அது. வயசானவர்களுக்கு அதைக் கொடுத்தால் கால் பின்னும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கணும் என்று புது நர்சுகளுக்குப் பாடம் எடுக்கிறவளே ஹெலன்தான். அந்த வீட்டில் யாருக்கும் அதை எழுதிக் கொடுக்கவில்லை. மூன்றாம் மாடி டோனிக்குத்தான் எழுதியிருந்தார்கள்.

அட்டையைப் பார்த்ததிலிருந்து அம்மா இன்பராணி ஒரே பிடியாக இருந்தாள். மகளின் கையை விடாமல் பற்றிக்கொண்டு, "அவன் கை உங்கப்பா பெட்டியில படக் கூடாது. நீயே போயிச் சொல்லிரு" என்றாள். டோனியோ காலையிலிருந்து நாற்காலி போடுவதும், டீ கொண்டுவந்த பையாவை ஜல்தி ஜல்தி என்று விரட்டுவதுமாக இருந்தார். தலைமாட்டில் நின்று தூக்கப் போவது தான்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வேறு வைத்திருந்தார்.

ஹெலன் அவரைப் பால்கனிக்குக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினாள். அவர் மீசையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு உடம்பு கூசியது. எழவு வீட்டில் பிஸ்கட் தின்ன முடிகிறது பார் இந்த ஆளுக்கு.

"நான்தாம்மா குடுத்தேன். ஆனா விசாரிக்காமக் குடுக்கல."

"யார்கிட்ட விசாரிச்சீங்க?"

"உங்கிட்டதான்."

பத்து நாளைக்கு முந்தி, ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசல். ரெண்டு அட்டையை நீட்டி எதும்மா நல்லது என்று கேட்டாராம். அவள் புக் பண்ணிய வண்டி எங்கே வருகிறதென்று போனில் பார்த்துக்கொண்டே ஒன்றைத் தொட்டுக் காட்டி, இதுதான் அங்கிள் டக்குன்னு கேக்கும் என்றாளாம். அப்புறம் இருதயசாமி வயிற்றைப் புரட்டுகிறது, ஒன்றும் கேட்கவில்லை என்று அழுதபோது, உன் மக சொன்னதுப்பா என்று சொல்லித்தான் கொடுத்தாராம்.

"டாக்டரு கெடக்கான், எம் பொண்ணு சொன்னா சரிதாண்டான்னு வாங்கிக்கிட்டான். நாலு வாரம் பொறுக்கலையான்னு நீ வைவேன்னு பயந்து ஒளிச்சு வச்சான்."

ஹெலனுக்கு நினைவு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். அன்றைக்கு டியூட்டிக்கு நேரமாகியிருந்தது. இந்த ஆள் தொலைந்தால் போதும் என்றுதான் சொன்னாள். யாருக்கு, என்ன வயசு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காய்க்காரன் கொசுறுக் கறிவேப்பிலை போடுகிற மாதிரி போட்டுவிட்டு வண்டியேறிப் போய்விட்டாள். இப்போது அவளுக்குத் தன் வாயை நினைத்தால்தான் அருவருப்பாக இருந்தது.

டோனி குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். பழி எம் மேலயே இருக்கட்டும், தாயி."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு, ஒரு நொடி. எல்லாவற்றிலும் கேவலம் அந்த ஒரு நொடிதான்.

அப்பாவின் அறைக்குப் போய் மேசை இழுப்பறையைத் திறந்தாள். டாக்டர் எழுதிய மாத்திரை, மூன்று அட்டை. ஸ்டோர்கீப்பர் புத்தி போகுமா? ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் தேதி எழுதி, விழுங்கிய பன்னிரண்டுக்கும் டிக் போட்டிருந்தார். மூன்றாவது அட்டையில் இருபத்தெட்டாம் நாளைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். அதற்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

வெளியே வந்ததும் மங்களம் ஆன்ட்டி வழிமறித்து, பழக்க தோஷத்தில் அட்டையை நீட்டினாள். ரெண்டுல எதும்மா நல்லது என்றாள்.

"டாக்டர்கிட்டக் கேளுங்க, ஆன்ட்டி."

சொல்லி முடித்தபிறகுதான் தோன்றியது, இதைச் சொல்ல மூன்று விநாடிகூட ஆகவில்லை.

ஃபாதர் வந்துவிட்டார். இருதயசாமியை மரப்பெட்டிக்கு மாற்றினார்கள். ஹெலன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்ததும் இன்பராணி பழையபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைமாட்டில் டோனி வந்து நின்றார். அம்மாவின் பிடி இறுகியது.

"இன்னும் சொல்லலையா நீ?"

"அவரு தூக்கட்டும்மா. அந்த மாத்திரை நல்லதுன்னு அவருகிட்டச் சொன்னதே நான்தான்."

இன்பராணி மகளை ஏறிட்டுப் பார்த்தாள். ஃபாதர் ஜெபத்தை ஆரம்பித்தார். முக்காட்டைச் சரிசெய்வதற்காக அம்மா தன் கையை உருவிக்கொண்டாள். முக்காடு சரியாகத்தான் இருந்தது. ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்ன பிறகும் அந்தக் கை அம்மாவின் மடியிலேயே இருந்தது.