ஜொகூருக்குப் போனவள்

முதல் தடவை அந்த மோட்டார் சைக்கிள் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது என்று கேட்டதாகத்தான் எனக்கு நினைவு. தனேஸ்வரியோ, நல்ல வெயில், கொடியில் பிள்ளையின் சீருடை காய்ந்துகொண்டிருந்தது என்கிறாள். அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவன். என்னிடம் எல்லாம் கொஞ்சம் குழம்பித்தான் கிடக்கிறது. மோட்டார் வந்தது. அது மட்டும் நிச்சயம்.

தனேஸ்வரி அப்போது கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தாள். தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்தை இடித்துவிட்டுக் கட்டிய வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்திய வீடு. விடியுமுன் இடியாப்பம் பிழிந்து, வெளிச் சாலையிலுள்ள கடைகளுக்குப் போடுவாள். மகள் விஷாலினி தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படித்தாள். கணவன் செல்வா லோரி ஓட்டுகிறவன். சண்டை முற்றிப் போய், புக்கிட் செந்தோசாவில் தன் தாயோடு இருந்தான். போகிற அன்று அவன் கத்தவில்லை. "கோர்ட்டு வழியா புள்ளய எடுத்துக்குறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். கத்தியிருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

அன்றிலிருந்து எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் ஜன்னல் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தாள். கோர்ட்டுக் காகிதத்தைக் கையில் வாங்கினால்தான் கேஸ், வாங்காவிட்டால் கேஸே நடக்காது என்று அவள் நம்பினாள். அந்த வரிசை முழுக்க அப்படித்தான் நம்பியது. திருமணப் பதிவிலாகாவிலிருந்து சமரசப் பேச்சுக்கு வரச் சொல்லி முன்பே கடிதம் வந்திருந்தது. அவள் போகவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அதனால் நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டது.

மோட்டார் வாசலில் நின்றதும் விஷாலினியை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். பிள்ளையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வெளியே பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியின் குரல் கேட்டது.

"யாரத் தேடுறீங்க தம்பி?"

"தனேஸ்வரிங்கறவங்க வீடு இதுதானேக்கா? நான் மஸ்தான், வக்கீல் ஆபீஸ்லேர்ந்து வர்றேன். ஒரு பேப்பர் குடுக்கணும்."

"ஐயோ, அவ எங்க இருக்கா! ஜொகூருக்குப் போயிட்டாளே, ஃபேக்டரி வேலைக்கு."

"புள்ள?"

"புள்ளய யார்கிட்டயோ உட்டுட்டுப் போயிட்டா. இந்தக் காலத்துப் பொண்ணுங்கள என்னா சொல்றது லா."

மோட்டார் போன பிறகு புஷ்பவள்ளி கதவைத் தட்டினாள். "ஏ ஜொகூர்க்காரி, வெளிய வா. எங்களுக்கு என்னா வாங்கியாந்த?" தனேஸ்வரியும் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகை வந்தது. மஸ்தான் மறுபடியும் வந்தபோது வரிசையில் எல்லோரும் அதையே சொன்னார்கள். எதிர்வீட்டு உடையப்பன், அவள் டிவி செய்கிற ஃபேக்டரியில் இருக்கிறாள் என்று சேர்த்துவிட்டார். கோழிக்கறி விருந்துபோல அதைப் பல நாள் பேசிச் சிரித்தார்கள்.

பிறகு ஒரு நாள் கடைகளுக்கு இடியாப்பம் போட்டுவிட்டுத் திரும்பியபோது, வாசல் கதவில் காகிதங்கள் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தன. அவள் தொடவில்லை. தொட்டால்தானே வாங்கியதாகும்? அதை ஒட்டியபடியே விட்டுவிட்டு, கதவைத் திறந்து பக்கவாட்டில் நுழைந்து போய்வந்தாள். அந்த வாரமே தமிழ்ப் பத்திரிகையில் அவள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டுக் கோர்ட்டு விளம்பரம் வந்தது. கடைக்காரர் பத்திரிகையை மடித்து அவள் கையில் வைத்தார்.

கோலசிலாங்கூர் டவுனில் ஒரு மாடியில் இருந்த வக்கீல் விமலாவிடம் அவள் போனது அதற்குப் பிறகுதான். கதவிலிருந்து பிய்த்த காகிதங்களை விமலா நெடுநேரம் படித்தார்.

"கையில வாங்காட்டியும் கேஸு நடக்கும்மா. ஆள் கெடைக்கலன்னா கதவுல ஒட்டலாம், பேப்பர்ல போடலாம்னு கோர்ட்டே உத்தரவு குடுக்கும். ஒட்டிட்டா நீங்க வாங்குன மாதிரிதான்."

தனேஸ்வரி மடித்து வைத்திருந்த பத்திரிகையை மேசைமேல் எடுத்து வைத்தாள்.

"அதுகூடப் பரவால்ல. இதக் கேளுங்க." விமலா ஒரு பக்கத்தைத் திருப்பினார். "மஸ்தான் சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தது. பிரதிவாதி பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டு ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டதாக அண்டை வீட்டார் பலரும் சொன்னார்கள்."

"பொய் மேடம் அது!"

"அவரு பொய் சொல்லலியே. கேட்டதத்தான் எழுதியிருக்காரு. உங்க வீட்டுக்காரரு அதப் புடிச்சிக்கிட்டாரு. புள்ளய உட்டுட்டுப் போனவகிட்ட எப்படிக் குடுக்குறது, கேஸு முடியறவரைக்கும் எங்கிட்ட குடுங்கன்னு தனியா ஒரு மனு போட்டிருக்காரு."

குளியலறை இருட்டில் அவள் காதால் கேட்ட அதே வார்த்தைகள். அவளைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன வார்த்தைகள்.

"தெலுக் இந்தான்ல என் தங்கச்சி இருக்கா மேடம். அங்க போயிட்டா? அது பேராக் மாநிலந்தானே. சிலாங்கூர் கோர்ட்டு அங்க செல்லாதுல்ல?"

விமலா கண்ணாடியைக் கழற்றினார். "நிலம்னா மாநிலத்தோடது. நம்ம கல்யாணம், டைவர்ஸ், புள்ள எல்லாம் நாட்டுச் சட்டம். எல்லையில ஓடுற பெர்ணம் ஆத்துக்கு அந்தப் பக்கமும் இதே சட்டந்தான். நீங்க ஓடுனீங்கன்னா இந்தப் பேப்பர்ல இருக்குறது உண்மையாயிரும்."

பள்ளிக்கூடத்தில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் அது பிள்ளை பள்ளிக்கு வந்ததைச் சொல்லும். அம்மா வீட்டில் இருந்ததைச் சொல்லாது. ஜொகூர் என்று சொன்னவரே வந்து, பொய் சொன்னேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். விமலா அவ்வளவுதான் சொன்னார்.

தனேஸ்வரி வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் புஷ்பவள்ளியின் முகம் வெளுத்துவிட்டது. "நான் பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? என்னய ஜெயில்ல போட்டா? இந்த வீட்டயும் புடுங்கிக்கிட்டா?"

"உங்கள நம்பித்தான் இருக்கேங்க்கா."

"என்னய நம்பாத தனேசு. நான் என்னா படிச்சவளா?"

கதவு சாத்திக்கொண்டது. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மெல்லிய சுவர் வழியே இருமலும் பாத்திரச் சத்தமும் மட்டும் வந்துகொண்டிருந்தன. தனேஸ்வரி ஒவ்வொரு சத்தத்துக்கும் காது கொடுத்தாள். ஒருநாளும் அந்தக் கதவு அவளுக்காகத் திறக்கவில்லை. பொய் சொல்லிக் காப்பாற்றியவளை எந்த முகத்தோடு கெஞ்சுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விசாரணை நாள் காலையில் மகளுக்குத் தலை பின்னினாள். "வலிக்குதும்மா" என்றாள் விஷாலினி. கை இறுக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் பள்ளி வாசலில் யார் நிற்கப்போகிறார்கள்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. கோர்ட்டு இருக்கும் ஷா ஆலமுக்குப் போக வேன் வந்து நின்றபோது, பின் இருக்கையில் கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுச் சேலையில் புஷ்பவள்ளி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். நீதிமன்றத்துக்குள் நுழையுமுன், கீழ் மாடியில் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால், விமலா எழுதி வைத்திருந்த காகிதத்தில் புஷ்பவள்ளி கையெழுத்துப் போட்டாள். பேனா இரண்டு முறை கீழே விழுந்தது.

அறைக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. எதிர்ப் பெஞ்சில் செல்வா, அவன் தாய், ஓரமாக மஸ்தான். வக்கீல்கள் மலாயில் பேசினார்கள். தன் பெயர் வரும்போதெல்லாம் தனேஸ்வரி நிமிர்ந்தாள்; மீதி எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை. நீதிபதி காகிதத்தைப் படித்துவிட்டு இந்தப் பெண்மணியையே கேட்க வேண்டும் என்றார். புஷ்பவள்ளி கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் சொன்னார்: ஏன் பொய் சொன்னீர்கள்?

அவள் மஸ்தானைப் பார்த்தாள், பிறகு செல்வாவைப் பார்த்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று தனேஸ்வரி கண்ணை மூடினாள்.

"யாங் அரிஃப்," என்று நீதிபதியை மரியாதையாக அழைத்தாள் புஷ்பவள்ளி, "அந்தப் பொண்ணு புள்ளய இழுத்துக்கிட்டு பாத்ரூமுக்குள்ள ஓடுனத நான் பாத்தேன். அன்னிக்கும் புள்ள அவகூடத்தான். எல்லா நாளும் அவகூடத்தான். ஓடுனது புள்ளய உட்டுட்டு இல்ல. புள்ளயோட."

செல்வா தலை குனிந்துகொண்டான். அவன் தாய் ஏதோ முணுமுணுத்தாள். அவன், "சும்மா இருங்கம்மா" என்றான்.

நீதிபதி தனேஸ்வரியைக் கடிந்துகொண்டார். நீதிமன்றத்திடமிருந்து ஒளிந்துகொள்வது பிள்ளைக்கு நல்லதல்ல என்றார். புஷ்பவள்ளியையும் எச்சரித்தார். பிறகு, கேஸ் முடியும்வரை பிள்ளை தாயிடமே இருக்கட்டும், வார இறுதியில் தகப்பன் பார்க்கலாம் என்று உத்தரவிட்டார்.

வெளியே நடைவழியில் மஸ்தான் அவள் பக்கத்தில் வந்தான். "அக்கா, அன்னிக்கே ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தீங்கன்னா இவ்வளவு தூரம் வந்திருக்காது. நான் புள்ளய புடிச்சிட்டுப் போக வரல." அவள் தலையாட்டினாள். சாயங்காலம் பள்ளி வாசலில் அவள்தான் நின்றாள்.

விவாகரத்து மறு வருடம் முடிந்தது. விஷாலினி தாயோடு இருக்கிறாள். பள்ளி விடுமுறைகளில் செல்வா வந்து புக்கிட் செந்தோசாவுக்குக் கூட்டிப்போகிறான், சொன்ன நாளில் கொண்டுவந்து விடுகிறான். புஷ்பவள்ளியை யாரும் ஜெயிலில் போடவில்லை, வீடும் பறிபோகவில்லை. மஸ்தான் இன்னும் மோட்டாரில் காகிதம் கொண்டு போகிறான். தனேஸ்வரி பழையபடி இடியாப்பம் பிழிகிறாள். மோட்டார் வாசலில் நின்றால் உடம்பு இப்போதும் ஒரு கணம் குளியலறைப் பக்கம் திரும்புகிறது, பிறகு போய்க் கதவைத் திறக்கிறாள்.