எட்டு நொடியில் திறந்த லேப்டாப்

பட்டம் இன்னும் வரவில்லை. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அவர் டாக்டர்தான். நடுத்தர நகரங்களின் போக்குவரத்து நெரிசலைப் பற்றி ஆறு வருடமாக ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஆய்வேடு எங்கே நிற்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மேஜைமேல் கிடக்கும் லேப்டாப்பைக் காட்டிப் பெருமூச்சு விடுவார்.

"இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஆன் ஆகவே ஆறு நிமிஷம். பக்கம் திறக்கறதுக்குள்ள யோசிச்சதெல்லாம் மறந்துபோகுது."

சும்மா சொல்லக் கூடாது, லேப்டாப்பும் அவருக்கு நன்றாகவே ஒத்துழைத்தது. முதல் அத்தியாயத்தில் ஒரு வரிகூட அவர் எழுதவில்லை என்பது அவருக்கும் அதற்கும் மட்டும்தான் தெரியும். அது வாய் திறக்காது என்பதே டாக்டரின் தைரியம்.

மனைவிக்குத் தெரியாது. பாவம், அவள் ஒரு பெரிய ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். வேறு ஊர்க் கிளைக்குத் தலைமைப் பொறுப்பு தருகிறோம் என்று போன வருடமே கேட்டார்கள். அவர் முடிக்கிற நேரத்தில் வீட்டைக் கலைக்க வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். இப்போது இரண்டாவது முறையாகக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"உண்மையைச் சொல்லுங்க, எப்ப முடியும்?" என்று கேட்டாள்.

"மூணு மாசம். லேப்டாப் மட்டும் கொஞ்சம் வேகமா இருந்தா ரெண்டே மாசம்" என்று டாக்டர் வாயை விட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் உடனே தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். லேப்டாப்பில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று அவர் ஒரு வருடமாக ஆராய்ந்துகொண்டுதான் இருந்தார். நாற்பது வரிசையில் ஓர் அட்டவணையே போட்டிருந்தார். நியாயமாகப் பார்த்தால் அவர் முடித்த ஒரே ஆய்வு அதுதான். ஆனால் ஆராய்வது வேறு, மாற்றுவது வேறு இல்லையா?

வியாழக்கிழமை மத்தியானம் மூவரும் கடையில் இருந்தார்கள். தங்கை ஸ்குரூக்களைக் கழற்றி அடிமூடியைத் திறந்தாள்.

"ப்ராசஸரை மாத்திடலாமா?" என்றார் டாக்டர். அது நடக்காத காரியம் என்பது அவருடைய அட்டவணையிலேயே இருந்தது.

"அது போர்டோட ஒட்டியிருக்கு மாமா. கிராஃபிக்ஸும் அப்படித்தான். அதை மாத்தணும்னா லேப்டாப்பையே மாத்தணும். இதோ, இங்க ஒரு ஸ்லாட் காலியா இருக்கு. எட்டு ஜிபி ராம் போடலாம். இந்த ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டின்னு வேகமான டிஸ்க் போடலாம். உயிரை வாங்கறது இந்தப் பழைய டிஸ்க்தான். மத்ததெல்லாம் வீண்."

"ஸ்கிரீன்?"

"டைப் அடிக்கத்தானே போறீங்க? இதே போதும்."

"கீபோர்டு?"

தங்கை கீபோர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "ஏழு வருஷ லேப்டாப்னு சொன்னா நம்ப முடியல. ஒரு எழுத்துகூடத் தேயலையே!"

"எந்தப் பொருளையும் அவர் அவ்வளவு பத்திரமா வெச்சுக்குவார்" என்றாள் மனைவி, பெருமையாக. டாக்டர் அசடு வழிந்தார்.

நேர்மையான மெக்கானிக் கிடைப்பதைப் போன்ற துரதிர்ஷ்டம் வேறு உண்டா? பழைய டிஸ்க்கில் இருந்ததெல்லாம் புதியதற்கு ஏறியது. தங்கை அடிமூடியைப் பூட்டி, லேப்டாப்பை ஆன் செய்தாள். எட்டே நொடி, திரை பளிச்சென்று வந்து நின்றது. மனைவி கை தட்டினாள்.

"சரி, கிளம்பலாம்" என்று டாக்டர் எழுந்தார்.

"இருங்க மாமா. முக்கியமான ஃபைல் ஒண்ணைத் திறந்து காட்டணும். 'திறந்து பார்த்தேன், சரி'ன்னு நோட்டுல கையெழுத்து வாங்காம நான் எதையும் வெளிய விடறதில்ல. கல்யாண போட்டோவை நான் தொலைச்சிட்டேன்னு ஒருத்தர் கடை வாசல்ல நின்னு கத்தினதுல இருந்து எங்க அம்மாவுக்கே இதுதான் சட்டம்."

"உன்னை நம்பாம வேற யாரை நம்பப்போறேன்? அதெல்லாம் வேண்டாம்மா!"

"ஆய்வேட்டைத் திறடி" என்றாள் மனைவி. "அதைவிட முக்கியமா எங்ககிட்ட என்ன இருக்கு?"

தங்கை திறந்தாள். மூன்று பக்கம். முதலாவதில் தலைப்பு. இரண்டாவதில் நன்றியுரை. மூன்றாவதில் 'அத்தியாயம் ஒன்று' என்ற இரண்டு சொல், அதற்குக் கீழே வெள்ளை.

தங்கைக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயையோ, மிச்சமெல்லாம் ஏறலையா!"

அந்த நொடியில் டாக்டர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தப்பிக்க வழி கிடைத்துவிட்டது என்று நினைத்து, தலையில் கை வைத்துக்கொண்டு, "போச்சா? ஆறு வருஷ உழைப்பு, போச்சா?" என்று நாற்காலியில் சரிந்தார் மனிதர்.

காப்பி எடுத்தால் பழைய டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிடாது என்ற ஒரு விஷயம் மட்டும் அவருடைய நாற்பது வரிசையில் இல்லை. தங்கை பழைய டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினாள். அதிலும் அதே மூன்று பக்கம். அவள் அக்காவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பிறகு குனிந்து ஸ்குரூ டிரைவர்களை அடுக்க ஆரம்பித்தாள்.

மனைவி நன்றியுரையை முதலிலிருந்து நிதானமாகப் படித்தாள். முதல் நன்றியே அவளுக்குத்தான். 'எனக்காகத் தன் உயர்வுகளை விட்டுக்கொடுத்த என் மனைவியின் பொறுமை இல்லாமல் இந்த ஆய்வு நிறைவடைந்திருக்காது.'

"நன்றி நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். "எதுக்குன்னுதான் புரியல."

அவள் நோட்டை இழுத்து, 'திறந்து பார்த்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அங்கேயே நின்று ஆபீசுக்குப் போன் செய்தாள். "சார், நான் வர்றேன். திங்கக்கிழமையே சேர்ந்துக்கறேன்."

பிறகு லேப்டாப்பை மூடித் தன் பைக்குள் வைத்தாள்.

"அதை ஏம்மா எடுக்கற?" என்றார் டாக்டர் ஈனசுரத்தில்.

"அங்க தினமும் ரிப்போர்ட் எழுதணுமாம்ங்க. எனக்கு வேகமா ஒண்ணு வேணும்."