முப்பத்திரண்டு இடுப்பும் காற்றுப்பூட்டுக் கலையும்

எங்கள் கடையில் யாருக்கும் பெயர் கிடையாது. இடுப்பளவுதான். "முப்பத்தாறு வந்தாச்சா?", "நாப்பது போன் பண்ணுச்சு, நாடா அறுந்துபோச்சாம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னால் நான் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்வேன். அவர் கட்டிங் மாஸ்டர். துணியை வெட்டுவார், இஸ்திரி போடுவார், பொட்டலம் கட்டுவார். தைப்பது நான். இந்த ஊரில் யார் யாரை உதைக்கப் போனாலும் எங்கள் கடைச் சீருடையைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். சண்டைக் கலைக்குத் தைக்க வேறு கடை இல்லை.

அதனால் எந்தக் கலை உசத்தி என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றவர்கள் மேடையில் பார்க்கிறார்கள். நான் கிழிந்து வருவதைப் பார்க்கிறேன். டேக்வாண்டோ என்றால் கவட்டைத் தையல், மாதம் தவறாமல் பிளந்துகொண்டு வரும். எதிரி அலமாரி மேல் ஏறி நின்றுகொண்டால் அந்தக் கலை உதவலாம். ஜூடோவில் காலர். இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து உலுக்குவதற்குப் பயிற்சி வேறா, கூட்டமான பஸ்ஸில் ஏறினால் போதாதா? குங்ஃபூ உடைக்கு நெஞ்சில் வரிசையாகத் துணிப் பொத்தான். அத்தனையும் மாட்டி முடிப்பதற்குள் எதிரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். பாக்ஸிங்காரர்கள் வெறும் டிரவுசரோடு நின்றுவிடுகிறார்கள், அவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது கதைகளில் வரும் ஒற்றை விரல் வித்தை. கழுத்தில் ஏதோ ஓர் இடத்தைத் தொட்டால் ஆள் அப்படியே உறைந்துபோவானாம். சட்டைக்கு அளவெடுக்கும் சாக்கில் வருகிறவன் போகிறவன் கழுத்தையெல்லாம் தடவி அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். இதுவரை எல்லாருக்கும் கூச்சம்தான் வந்திருக்கிறது.

இவரையாவது சகித்துக்கொள்ளலாம். என் தம்பி சொந்தமாகவே ஒரு கலையைக் கண்டுபிடித்துவிட்டான்.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான்தான். முப்பது வயதாகியும் எங்களோடுதான் இருக்கிறான், மத்தியானத்தில் துணி வெட்டும் மேசைமேல் படுத்துத் தூங்குகிறான். அங்கே மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உதித்ததுதான் காற்றுப்பூட்டு. அடிக்க வேண்டும் என்கிற எண்ணம் எதிராளியின் மண்டையில் இருந்து கைக்கு வருவதற்குள் அதை நடுக் காற்றிலேயே பூட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் கலை. தொடவே கூடாது. பூட்டுவதற்கு ஒரு நிலை, திறப்பதற்குச் சாவி என்று இன்னொரு நிலை. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும்.

"பூட்டுன பிறகு எதுக்குடா திறக்கணும்?" என்று கேட்டேன்.

"அப்புறம் அவங்க எப்படிக்கா வீட்டுக்குப் போவாங்க?" என்றான்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் ஊர் விளையாட்டு அரங்கத்தில் பயிற்சிக்கான சாயங்கால நேரம் ஒன்று காலியானது. மூன்று சண்டைக் கலைப் பள்ளிகள் அதற்கு அடித்துக்கொண்டன. அரங்கத்தின் மேனேஜர், கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் மனிதர், "எந்தக் கலை நிஜமாவே உதவும்னு மோதிப் பாத்துடுவோம், ஜெயிச்சவங்களுக்கு இடம்" என்று போட்டி வைத்துவிட்டார். என் தம்பி போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான்.

போன வருஷம்தான் அவனுக்கு இடது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே இருக்கும் திரை கிழிந்து அதை ஒட்டவைத்திருக்கிறார்கள். தலையில் ஒரு அடி விழுந்தால் கண் போய்விடும் என்று டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். இந்த மடையனோ, "எங்க கலையில யாரும் தொடவே முடியாதுக்கா, அப்புறம் அடி எப்படி விழும்?" என்கிறான்.

நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் தம்பியைக் கூப்பிட்டு, இடது கண்ணை மட்டும் திறந்துகொண்டு கோடிச் சுவரில் மாட்டியிருக்கும் பலகையைப் படிக்கச் சொன்னார். 'சத்தம் போடாதீர்கள்' என்று கணீரென்று படித்தான். படிக்காமல் என்ன, அந்தப் பலகைக்குக் கீழே சத்தம் போட்டதற்காக எத்தனை முறை வெளியே துரத்தப்பட்டவன்!

"கண்ணு நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார் மேனேஜர்.

"நல்லா இருக்கறது இனிமேலும் இருக்கணும்னுதான் சொல்றேன்!" என்று கத்தினேன். அவர் பலகையைக் காட்டினார்.

வேறு வழியில்லை, என் கையில் இருப்பது ஊசிதானே. உடை குலைந்தால் அந்த ஆள் உடனே வெளியே என்பது போட்டி விதி. தம்பிக்குச் சீருடை தைக்க வேண்டியிருந்தது. காற்று உள்ளே போய் வர வேண்டுமாம், மேல்சட்டையின் கை தரை வரை தொங்க வேண்டும் என்றான். தைத்தேன். பேன்ட் சாதாரண வெள்ளைப் பேன்ட். அதைத்தான் என் இஷ்டத்துக்குத் தைத்தேன். பக்கத் தையல், இடுப்புத் தையல் எல்லாமே கச்சாத் தையல், துணி சேர்ந்து நிற்பதற்கு ஒப்புக்கு ஓட்டும் நீளத் தையல். காலை அகட்டினால் போதும், மொத்தமும் கழன்று விழும். மானம் போகட்டும், வளர்த்தவள் நான் இருக்கிறேன். கண் போனால் யார் தருவார்கள்?

முதல் நாள் அரையிறுதியில் தம்பியின் எதிராளி ஒரு கராத்தேக்காரர். அவருக்கும் புதுச் சீருடை எங்கள் கடையில்தான். மேசையில் இரண்டையும் வைத்துவிட்டு நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். நிம்மதியாக அரங்கத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். போர்த்திவிட ஒரு துண்டுகூடப் பையில் வைத்திருந்தேன்.

விசில் ஊதியது. தம்பி கை இரண்டும் தரையில் புரள, கண்ணை மூடிக்கொண்டு காலை நன்றாக அகட்டிப் பூட்டு நிலையில் நின்றான். பேன்ட் விழவில்லை. கராத்தேக்காரர் "ஹா!" என்று ஒரு கால் முன்னே வைத்தார். அவ்வளவுதான், அவருடைய பேன்ட் நான்கு துண்டாகப் பிரிந்து கணுக்காலில் போய் விழுந்தது. உள்ளே பூப்போட்ட ஜட்டி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"ஏங்க, பேன்ட் யாருக்கு எதைக் குடுத்தீங்க?"

"ரெண்டும் முப்பத்திரண்டு. ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன்" என்றார்.

"ஆளைப் பாக்க மாட்டீங்களா?"

"ஆள் எதுக்கு? இடுப்பு சரியா இருக்குல்ல?"

இவரிடம் என்னத்தைச் சொல்ல! மேடையில் மேனேஜர் தம்பியின் நீளக் கையைத் தேடிப் பிடித்து உயர்த்திக்கொண்டிருந்தார். "தொடாமலே உரிச்சிட்டான்யா!" என்று எவனோ கூவினான். வீட்டுக்குப் போகும் வழியில் தெரியாதவர்கள்கூடத் தம்பியைக் கண்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வணக்கம் சொன்னார்கள். என் தம்பியின் முகத்தில் ஞானியின் களை வந்துவிட்டது.

இறுதிப் போட்டி மறுநாள். எதிராளி ஜூடோ நாற்பத்தி நாலு. மாடு மாதிரி உடம்பு. எங்களிடம் தைத்திருந்தால் அந்தப் பேன்ட்டையும் ஒரு கை பார்த்திருப்பேன். அந்த ஆள் மாற்றலாகி வந்தவர், பழைய ஊரில் தைத்ததையே போட்டுக்கொண்டிருந்தார். தம்பியின் தொங்கும் கையை எட்டிப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் தலை போய்த் தரையில் மோதும்.

காலையில் தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கச்சாத் தையல், மாமா மாற்றிக் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொறாமைக்கா உனக்கு" என்றான். "நீ ராத்திரி பகலா தைச்சும் உன் பேரு வெளிய வரல. என் பேரு வந்துடுச்சு."

"உனக்கு ஏதுடா பேரு? நீ வெறும் முப்பத்திரண்டு!"

என்னைப் பார்த்துப் பூட்டு நிலையில் நின்றான். நான் கையில் கிடைத்த அடிக்கோலால் முழங்காலில் ஒன்று வைத்தேன். "அது உறவுக்காரங்க மேல வேலை செய்யாது" என்று நொண்டிக்கொண்டே போய்விட்டான்.

மானத்தை மூட்டை கட்டிவைத்துவிட்டு நாற்பத்தி நாலைத் தேடிப் போனேன். அரங்கத்தின் பின்னால் தனியாக உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, ஒரு விஷயம். எங்க தம்பிக்கு ஒண்ணுமே தெரியாது. நேத்து நடந்தது கலையே இல்ல, என் தையல். அவனுக்குக் கண்ணு சரியில்ல, கீழ தள்ளிடாதப்பா. சும்மா கோட்டுக்கு வெளிய நகத்தி விட்டுடு, போதும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வை என் கையில் போய் நின்றது. இஞ்ச் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன், பழக்கதோஷம்.

"அளவெடுக்க வந்தீங்களா?" என்றார். குரல் அமுங்கிப்போயிருந்தது.

"அய்யோ, இல்லப்பா. பேன்ட்டைப் பத்தி நீ கவலையே படாத. அது விழாது."

"நான் பேன்ட்டைப் பத்திக் கேக்கவே இல்லையேக்கா" என்றார். எழுந்து நாடாவுக்கு மேல் இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். அப்போதே எனக்குத் தோன்றியது, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று.

அரங்கத்தில் நிற்க இடமில்லை. விசில் ஊதியது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு கையைத் தொங்கவிட்டு நின்றான். நாற்பத்தி நாலு உள்ளே வந்தார், இரண்டு கையாலும் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. கூட்டம் "ஓ" என்றது. ஜூடோவில் கை இல்லாவிட்டால் என்ன இருக்கிறது? சும்மா தம்பியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தம்பி மூடிய கண்ணோடு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் போனது. ஒன்றும் விழாததைக் கண்டு அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒரு கையை மெதுவாக விடுவித்தார். தரையில் கிடந்த தம்பியின் சட்டைக் கையை எட்டிப் பிடித்தார். இழுத்தார். தம்பி பொம்மை மாதிரி அவர் பக்கம் சாய்ந்தான். இனி ஒரு சுழற்றுதான். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே எழுந்து நின்று கத்தினேன்.

"டேய், பேன்ட்டு!"

சட்டைக் கையை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்தார். தம்பி தள்ளாடி மறுபடி நேராக நின்றான். பேன்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் முகம் சிவந்து மறுபடி கையை எடுத்தார். "பேன்ட்டு!" என்றேன். பிடித்தார். எடுத்தார். "பேன்ட்டு!" மேனேஜர் என்னைப் பார்த்து அந்தப் பலகையைக் காட்டினார். போய்யா நீயும் உன் பலகையும்! தொண்டை கிழியும்வரை கத்தினேன். கடைசியில் கூட்டத்தில் பாதிப் பேர் கூடச் சேர்ந்து கத்தினார்கள், மீதிப் பேர் தங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நேரம் முடிந்தது. தன் கலையில் என்ன செய்வேன் என்று எழுதிக்கொடுத்தாரோ, அதை நேரத்துக்குள் செய்து முடிக்காதவர் தோற்றவர் என்று விதியில் இருந்ததாம். தம்பி யாரையும் தொடமாட்டேன் என்றுதான் எழுதிக்கொடுத்திருந்தான், அவர் பிடித்துத் தள்ளுவேன் என்று எழுதியிருந்தார். அவரோ கடைசிவரை தன் பேன்ட்டைத் தவிர எதையும் விடாமல் பிடித்திருக்கவில்லை. சாயங்கால நேரம் காற்றுப்பூட்டுக்குப் போனது.

நான் விழுந்தடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இடது கண்ணைத் திறந்து பார்த்தேன். இமை, வெள்ளை, கருவிழி, எல்லாம் அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னாலும் நின்று அழுதேன்.

அவன் என் கையை மெதுவாக விலக்கினான்.

"அடுத்த தடவை வந்தா பேசாம உக்காருக்கா" என்றான். "நீ கத்துனா எனக்குக் கவனம் சிதறுது."

கண்ணுக்கு ஆபத்தில்லாத இடமாகப் பார்த்து, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அந்தப் போட்டி முழுவதிலும் அவன்மேல் விழுந்த அடி அது ஒன்றுதான். சத்தம் கூரை வரை போனது. தம்பி முதுகை எட்டித் தடவிக்கொண்டே என்னை மரியாதையாகப் பார்த்தான்.

"அக்கா, இது எந்தக் கலையில வருது?"

"வீட்டுக்கு வா, சொல்றேன்" என்றேன்.