அரை மாத்திரை

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"தைராய்டு அளவு எகிறிக் கிடக்குதும்மா. அது இப்படி ஏறினா, இன்ஹேலரை எத்தனை தடவை இழுத்தாலும் ஆஸ்துமா அடங்காது. தைராய்டு மாத்திரை எத்தனை போடுறீங்க?"

அவள் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "ஒண்ணுதான் டாக்டர். காலையில வெறும் வயித்துல, என் கையாலதான் குடுக்குறேன். ஒரு நாள் தவறினதில்ல."

உண்மைதான். கல்யாணமானதிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தறியாத மனுஷர், கண் மங்கி லாரி ஓட்டுவதை விட்ட பிறகு இந்த ஒரு வேலையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தையல் கடையில் அவள் போட்டுக்கொள்ளும் இரண்டாவது மாத்திரைதான் அவருக்குத் தெரியாது.

போன வருஷம் வரை கடையில் அவளுக்கு ‘ஆமை’ என்று பெயர். தைராய்டு குறைவில் தைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். ஒரு முறை விரலில் ஊசி இறங்கிய பிறகுதான் விழித்தாள். "வீட்டுக்குப் போய்த் தூங்கேன், நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றாள் முதலாளியம்மா. வீட்டில் அடுப்பு எரிவதே அவள் சம்பளத்தில்தான். அதன் பிறகுதான் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுப் பார்த்தாள். ஒரே மாதத்தில் மிஷின் பறந்தது, பெயரும் ‘எக்ஸ்பிரஸ்’ ஆனது. கைநடுக்கத்துக்கு இன்ஹேலர் மேல் பழி போட்டாள், மூச்சிரைப்புக்குத் துணித்தூசி மேல்.

"வேற எதுவும் போடலையே?" டாக்டர் அவளையே பார்த்தார்.

சொன்னால் மறுபடி ஆமை. சொல்லாவிட்டால் இந்த விசில் என்றைக்கு நிற்குமோ, மூச்சோடு சேர்ந்து நிற்குமோ. பயமாக இருந்தது. பக்கத்தில் கணவர் முகத்தில் அத்தனை பெருமை. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"இல்ல டாக்டர்."

"அப்ப அரையாக் குறைச்சிடலாம். ஆறு வாரம் கழிச்சுப் பாப்போம்."

மறுநாள் காலை கணவர் ஜன்னலோரம் நின்று, மாத்திரையின் நடுக்கோட்டை நகத்தால் நாலு முறை தடவிப் பார்த்து, கத்தியை வைத்து அழுத்தினார். "இனிமே மூச்சு லேசாயிடும் பாரு" என்று பாதியை அவள் கையில் வைத்தார். அவளுக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது.

கடையில் நுழைந்ததுமே முதலாளியம்மா குரல் கொடுத்தாள். "எக்ஸ்பிரஸ், யூனிஃபார்ம் நாப்பது செட்டு இருக்கு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவதானே?"

தலையாட்டிவிட்டு மிஷின் டிராயரைத் திறந்தாள். நூல் சுற்றிய பாபின்களுக்கு நடுவே இன்ஹேலரும் மாத்திரை அட்டையும் கிடந்தன. இன்ஹேலரை இழுத்தாள். பிறகு அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, கணவரைப் போலவே கோட்டைத் தடவிப் பார்த்து, கத்தரியால் அழுத்தினாள். சுற்றிலும் மிஷின்கள் ஓடத் தொடங்கியிருந்தன.

இரண்டு பாதிகளும் அவள் உள்ளங்கையில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன.