வாசலை அடைத்த கார்

சாவியைத் திருகப் போன மகளின் கையை, மாமா கார் ஜன்னல் வழியாக எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஆயில் இருக்கான்னு பாத்தியாம்மா?"

அவள் பார்க்கவில்லை. காலையில் அப்பா காருக்கு அடியில் படுத்துப் பழைய எஞ்சின் ஆயிலை வடித்துக்கொண்டிருந்தார். நடுவில் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். சோபாவில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். இப்போது அவரை எடுத்துப்போக வந்த வண்டி தெருவில் நிற்கிறது. வாசலை அடைத்துக்கொண்டு அவருடைய கார். வாசலோ மேடு, தள்ளினாலும் நகராது. ஆயில் இல்லாமல் கிளப்பினால் எஞ்சின் போய்விடும். வேறு ஒருவரையும் தொட விடாமல் அவர் பார்த்துக்கொண்ட கார். அவர் உள்ளே கிடக்கும்போதே அதையும் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இறங்கிக் குனிந்து பார்த்தாள். அடியில் தட்டு நிறையக் கறுப்பு ஆயில். வடிக்கும் நட்டை இறுக்கி மூடியிருந்தார். மேலே, ஆயில் ஊற்றும் வாயில் புனல் அப்படியே இருந்தது. பக்கத்தில் திறந்த கேனில் பாதி ஆயில்.

"பாதி ஊத்திட்டாருன்னு அர்த்தம்," என்றார் மாமா.

"போன தடவை மிச்சம் வெச்ச கேனா இருந்தா?"

"அப்ப ஒண்ணுமே ஊத்தலன்னு அர்த்தம்."

"ரெண்டுல எது மாமா?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் பஸ்ல போறவன்."

அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். நுனியில் ஏதோ பளபளத்தது. புதுசா, ஒட்டியிருந்த பழசா, தெரியவில்லை. காலையிலிருந்தே எதுவும் பிடிபடவில்லை. டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள், ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அம்மாவிடம், கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார்கள். ஒண்ணும் சொல்லலை என்றே அம்மா எல்லோருக்கும் பதில் சொன்னாள்.

வண்டி டிரைவர் பாவம், ஹாரன் அடிக்காமல் இருமினார்.

அவள் கம்பியும் கையுமாக நிமிர்ந்து, வீட்டு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, எவ்வளவு ஊத்தினீங்க?"

உள்ளே பேச்சு நின்றுபோயிற்று. மாமா தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பதிலுக்காகக் காத்து நின்ற பிறகுதான், யாரைக் கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

அம்மா செருப்பில்லாமல் படியிறங்கி வந்தாள்.

"பாதி ஊத்தியாச்சாம். தண்ணி குடிச்சிட்டு வந்து மீதிய ஊத்தணும்னாரு."

"ஒண்ணும் சொல்லலன்னியேம்மா."

"அவங்ககிட்ட போய் இதையா சொல்றது?"

மகள் கேனைத் தூக்கினாள். அம்மா புனலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா ஊத்து. சிந்தினா திட்டுவாரு."

ஆயில் நூலாக இறங்கியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கேன் காலியான பிறகும் அம்மா புனலை விடாமல் நின்றாள்.