கைக்கு ஓய்வு

ஊழியர் குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, மாரீஸ்வரி வலது மணிக்கட்டிலிருந்த கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் சேர்ந்து இறுகிப்போன துணி, தோலை விட்டு வர மறுத்தது. வெந்நீரில் நனைத்து நனைத்து உரித்தாள். உள்ளே கை நேற்றைவிட வீங்கியிருந்தது. கட்டைவிரலின் அடியில் சிவந்து, தொட்டால் சுட்டது.

"மூணு நாளைக்கு அவுக்கப்படாது தாயி. அவுத்தேன்னா பத்து போட்டதே வீண்" என்று இசக்கிப்பாண்டி சொல்லி இன்னும் ஒரு நாள் முழுதாக ஆகவில்லை. தாராவியில் அவருக்கு இஸ்திரிக் கடை. துணி தேய்த்த நேரம் போக எலும்புக் கட்டு, சுளுக்குத் தடவல். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்தான். போனால் லீவு போட வேண்டும், லீவு போட்டால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தைத்தான் இந்த இடத்தில் வாயைத் திறந்து சொல்ல முடியாது.

இந்த இடம் என்பது செம்பூரைத் தாண்டி, குன்றை ஒட்டி இருக்கும் கிளப். உள்ளே நுழைந்தால் மும்பை என்றே தெரியாது. புல்வெளி, நீச்சல் குளம், மூங்கில் தோப்பு, அதன் நடுவே ஸ்பா. ஸ்பாவில் ஆறு வருடமாக மாரீஸ்வரி மசாஜ் செய்கிறாள். சம்பளம் கிளப் கொடுப்பதில்லை, ஆள் அனுப்பும் ஏஜென்சி கொடுக்கிறது. போன வருடம் கூட வேலை பார்த்த விக்ரோலிக்காரி கோகிலவாணி மணிக்கட்டு வலிக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒரு வாரம் ஓய்வு எடுத்துக்கொள் என்று அனுப்பினார்கள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

எலுமிச்சை சோப்பைப் போட்டு மூன்று தடவை கழுவி முகர்ந்து பார்த்தாள். வாடை போன மாதிரியும் இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது. நாலாவது தடவை கழுவ நேரமில்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். புருஷன் வெயிலுமுத்து வேலை பார்த்த தோல் பட்டறை முலுண்டுக்கு மாறிய பிறகு அவனுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தாலே அதிகம். வீட்டுக்கு இந்தக் கைதான் கதி.

அன்று அவளுக்கு ஒரே ஒரு விருந்தாளி. காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை. மாட்டுங்காவிலிருந்து வரும் விஜயலட்சுமி மேடம், பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு மகள் வெளிநாட்டிலிருந்தே ஒரு முழு நாளை வாங்கிக் கொடுத்திருந்தாள். ஆவிக் குளியல், எண்ணெய் மசாஜ், சாப்பாடு, கால் பராமரிப்பு என்று அடுக்கடுக்காக.

"மாரி இருந்தா மட்டும் போடுங்கோன்னு சொல்லிட்டேன். வேற யாராவது வந்தா இங்கிலீஷ்ல ரிலாக்ஸ் பண்ணச் சொல்லிண்டே இருப்பா. எனக்கு அதுலயே டென்ஷனாயிடும்" என்றார் மேடம், வெள்ளை அங்கியைப் போர்த்திக்கொண்டு.

மாரீஸ்வரி சிரித்தாள். "பொறந்தநாள் வாழ்த்துக்கள் மேடம். கால இப்படி வைங்க."

வெந்நீரில் பூ மிதக்கவிட்டுக் கால் கழுவும்போதே வலது கை தன் குணத்தைக் காட்டிவிட்டது. செம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். மேடம் கண்ணை மூடியிருந்தார். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ விலை, மருமகன் சாப்பிடும் சாப்பாடு, முழங்கால் வலி என்று அவர் பேச்சு ஆறு மாதிரி ஓடியது. 'ஆமா மேடம்', 'அப்படியா மேடம்' என்று கரை போட்டால் போதும்.

ஆவிக் குளியல் முடிந்து மசாஜ் அறைக்கு வந்தார்கள். மேடம் குப்புறப் படுத்து, டேபிளின் தலைப்பக்கத்தில் இருந்த வட்டமான ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டார். மாரீஸ்வரி எண்ணெயைச் சூடு செய்து உள்ளங்கையில் ஊற்றினாள்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. கையை ஒரு முறை உடம்பில் வைத்துவிட்டால், முடியும் வரை இரண்டு கையையும் ஒன்றாக எடுக்கக் கூடாது. எண்ணெய் ஊற்றும்போதும், துணியை இழுத்து மூடும்போதும், ஒரு கை உடம்பின் மேலேயே இருக்க வேண்டும். கை மொத்தமாக விலகினால் படுத்திருப்பவர் திடுக்கிட்டு விழித்துக்கொள்வார், வாங்கிய நிம்மதி கலைந்துவிடும். பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தருவதும் இதுதான், ஆளை எடுக்கும் பரீட்சையில் பார்ப்பதும் இதுதான்.

முதல் இருபது நிமிடம் முழங்கையை வைத்துச் சமாளித்தாள். இடது கையால் அழுத்தி, வலது கையைச் சும்மா பேருக்கு ஓட்டினாள். ஆனால் கழுத்துக்கு முழங்கை ஆகாது. அங்கே கட்டைவிரல்தான் இறங்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினாள். மேடத்தின் கழுத்தில் பேங்க் வேலையின் முப்பது வருடம் கட்டி கட்டியாக உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் உருட்டும்போது மணிக்கட்டிலிருந்து தோள்பட்டை வரை கம்பியை இழுத்தது போல வலித்தது.

"மாரி" என்றார் மேடம் ஓட்டைக்குள்ளிருந்து. "என்னமோ வாடை வரதே. முட்டை மாதிரி."

சூட்டு எண்ணெய் பட்டதும் பத்து தன் வேலையைக் காட்டிவிட்டது. மூன்று தடவை போட்ட சோப்பு எங்கே போயிற்றோ.

"பைப்புல ஏதோ அடைச்சிருக்கு மேடம். காலையிலயே கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கோம்."

பொய் சொன்ன பதற்றத்தில் விரலைக் கொஞ்சம் ஆழமாக அழுத்திவிட்டாள். கட்டைவிரல் மடிந்தது. கண்ணில் மின்னல் அடித்தது. தன்னை அறியாமல் இரண்டு கையையும் உதறி எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

மேடம் தலையைத் தூக்கினார். துணியைச் சேர்த்துப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார். மாரீஸ்வரி கையைப் பின்னால் மறைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

"கொண்டா பாப்போம். அட ராமா. இப்படி வீங்கி இருக்கு, இந்தக் கையை வச்சிண்டா எனக்குப் பண்ணிண்டிருக்கே?"

"ஒண்ணுமில்ல மேடம். சுளுக்கு. பத்து போட்டிருந்தேன், அதான் வாடை. மன்னிச்சிருங்க. படுங்க, நான் முடிச்சிருதேன்."

"முடிக்கறதாவது. உக்காரு முதல்ல."

"உக்காரப்படாது மேடம்." அவள் குரல் இறங்கிப்போனது. "மேடம், ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். வெளியில சொல்லிராதீங்க. ரெண்டு நாள்ல சரியாயிரும். தெரிஞ்சா வேலய விட்டு அனுப்பிருவாவ."

"நான் ஏன்டி சொல்லப்போறேன்? உன்னைப்பத்தித் தப்பா ஒரு வார்த்தை சொல்லுவேனா?" மேடம் அவள் கன்னத்தைத் தட்டினார். கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது. பாக்கி அரை மணி நேரத்துக்கு மறுபடி படுத்துக்கொண்டார். மாரீஸ்வரி இடது கையால் மேடத்தின் பாதத்தை மட்டும் மெல்ல வருடிக்கொண்டு நின்றாள்.

மேடம் சொன்ன சொல் தவறவில்லை. தப்பாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் இஞ்சி டீயை எடுத்துக்கொண்டு மாரீஸ்வரி கண்ணாடிக் கதவருகே வந்தபோது, மூங்கில் நாற்காலியில் மேடமும் எதிரே ஸ்பா மேனேஜரம்மா ரோஷனும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு மூடியிருந்ததால் குரல் கேட்கவில்லை. மேடம் தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக் காட்டி, தலையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ரோஷன் நெஞ்சில் கை வைத்து, 'அடடா' என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு போய் என்ன சொல்லித் தடுப்பது? டீ ஆறும் வரை அங்கேயே நின்றாள்.

உள்ளே போனதும் மேடம் முகம் மலர்ந்தது. "சொல்லிட்டேன் மாரி. உன்னை மாதிரிப் பொண்ணு கிடைக்கமாட்டான்னு சொல்லி, கை சரியாற வரைக்கும் சம்பளத்தோட லீவு குடுங்கோன்னு கண்டிப்பாச் சொல்லிருக்கேன். பாத்துக்கறேன்னுட்டா. நீ நிம்மதியா இரு."

"சரி மேடம்" என்றாள் மாரீஸ்வரி. நல்லது செய்கிறேன் என்று வருகிறவர்களிடம் சண்டை போட அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு ரோஷன் அறைக்குக் கூப்பிட்டாள். குரலை உயர்த்தாத மேனேஜர். திட்டும்போதுகூட, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போல 'பேட்டா' என்றுதான் ஆரம்பிப்பாள். இந்தியில் மெதுவாகப் பேசினாள்.

"உனக்கு ஓய்வு வேணும்னு மேடமே சொல்லியிருக்காங்க, பேட்டா. நல்ல விதமா எழுதிக்கூடக் குடுத்திருக்காங்க. பாரு."

"நாளைக்கே வந்துருவேன் மேம். வேற வேலை குடுத்தாலும் செய்வேன். துணி மடிப்பேன், பாத்திரம் கழுவுவேன்."

"வீங்கின கையோட ஒரு விருந்தாளியைத் தொட்டிருக்கே. அவங்க நல்லவங்க, விட்டுட்டாங்க. வேற யாராவதுன்னா? சம்பளத்தோட லீவெல்லாம் ஏஜென்சியைக் கேக்கணும். நான் பேசறேன். கை சரியானதும் அவங்களே போன் பண்ணுவாங்க."

"கோகிலவாணிக்கும் போன் வரும்னுதானே மேம் சொன்னீங்க?"

ரோஷன் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடி போட்டாள். "மேடத்துக்குக் கால் பராமரிப்பை வேற பொண்ணு பாத்துக்கும். நீ போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. ஏஜென்சி புதுசா ஒருத்தியை டிரையலுக்கு அனுப்பியிருக்கு. மத்த எல்லாரும் வேலையில இருக்காங்க. நீதான் சும்மா இருக்கே. டேபிள்ல படுத்துக்கோ."

புதிதாக வருகிறவர்களை யாராவது ஊழியரின் உடம்பில் மசாஜ் செய்யச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். இத்தனை வருடத்தில் அந்த டேபிளில் படுக்கும் முறை மாரீஸ்வரிக்கு வந்ததேயில்லை. கையில் வேலை இருந்துகொண்டே இருந்தது.

வந்தவள் பெயர் சஃப்ரீன். இருபத்தைந்து வயதிருக்கும். அவளும் தாராவிதான். மாரீஸ்வரி தமிழில் பேரைக் கேட்டதும் முகத்தில் உயிர் வந்தது.

"எங்க வாப்பாவுக்கு ஊரு மேலப்பாளையம்க்கா. நான் இங்கனயே பொறந்தது. பார்லர்ல ரெண்டு வருசம் இருந்தேன். இந்த வேலை கெடைச்சா பெரிய விசயம்க்கா."

யாருடைய இடத்துக்கு வந்திருக்கிறாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மாரீஸ்வரியும் சொல்லவில்லை. யூனிஃபார்மைக் கழற்றி, விருந்தாளிகளின் வெள்ளைத் துணியை மார்பில் சுற்றிக்கொண்டு குப்புறப் படுத்தாள். வட்ட ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. ரோஷனின் கறுப்புச் செருப்பு சுவரோரம் வந்து நின்றது.

சஃப்ரீனின் கை முதுகில் இறங்கியது. நல்ல கை. பயம் இருந்தது, ஆனாலும் விரல்கள் கெட்டியாக, வலி எங்கே என்று தேடிப் போயின. எண்ணெய் எடுக்கும்போது ஒரு கை தோளிலேயே இருந்தது.

"அவ கையோட பிரஷர் எப்படி இருக்கு மாரி?" என்று ரோஷன் கேட்டாள்.

சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெண் திரும்பிப் போய்விடுவாள். நாளைக்கு இன்னொருத்தி வருவாள், நாளைக் கழித்து இன்னொருத்தி. மாரீஸ்வரி நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள்.

"நல்லா இருக்கு மேம்."

சஃப்ரீன் மூச்சு விட்டது முதுகில் தெரிந்தது. கை இடுப்புக்குப் போய், மறுபடி தோளுக்கு ஏறி, வலது கையில் இறங்கியது. மணிக்கட்டருகே வந்ததும் நின்றது.

"அக்கா" என்று அவள் காதோரம் குனிந்தாள். "இது என்னக்கா, இப்படி வீங்கியிருக்கு? எப்படி ஆச்சு?"

"சுளுக்கு. அத விட்டுரு, தொடாத."

சஃப்ரீன் அந்தக் கையைத் துணியால் மூடிவிட்டுக் கழுத்துக்குப் போனாள். கட்டைவிரல் இரண்டும் கழுத்தடியில் இறங்கின. ஆறு வருடமாக யாரும் தொடாத இடம். வேண்டாம் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொள்ள, மானங்கெட்ட உடம்பு அந்தக் கைக்கு இளகிக் கொடுத்தது. கண் செருகியது. நாளைக்கு என்ன, பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று நினைக்க முயன்றாள். நினைப்பு நிற்கவில்லை. ஓட்டை வழியாகக் கண்ணீர் தரையில் சொட்டியதை ரோஷனின் செருப்பு பார்த்ததோ என்னவோ, அசையவில்லை.

மணி அடித்தது. சஃப்ரீன் முதுகைத் துடைத்து, துணியைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்தினாள். மேனேஜர் பார்க்கிறாள் என்ற நினைப்பில், ஏஜென்சிப் பயிற்சியில் சொல்லித் தந்ததை ஒரு சொல் விடாமல் இந்தியில் ஒப்பித்தாள்.

"மெதுவா எழுந்திரிங்க, மேடம். அவசரமே இல்லை."

"நாளைக்கு எட்டரைக்கு வந்துடு" என்று ரோஷன் சஃப்ரீனிடம் சொன்னாள். "இன்னிக்கு நாலு மணிக்கு இங்க அடுத்த விருந்தாளி. இந்த டேபிள் விரிப்பை மாத்திடு."

மாரீஸ்வரி இறங்கி, பழக்கத்தில் விரிப்பின் ஓரத்தை இடது கையால் பிடித்தாள். "நீ விடு, இனி அது அவ வேலை" என்றாள் ரோஷன். மாரீஸ்வரி கையை எடுத்தாள். விரிப்பில் அவள் படுத்திருந்த இடம் எண்ணெய் பட்டு, ஓர் ஆளின் அளவுக்கு ஈரமாக இருந்தது. சஃப்ரீன் அதை ஒரே இழுப்பில் உருவிச் சுருட்டி அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு, புது விரிப்பை உதறினாள்.